படிவம் 6 (வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கும் விண்ணப்பம்): மாணவர் கேள்விகள், பதில்கள்

என் வகுப்புத் தோழிக்கு இன்னும் 18 ஆகவில்லை. இப்போதே பெயர் சேர்க்கலாமா?

பிறந்த தேதியை எழுதாமல் கேட்டால் எப்படி? 17 முடிந்திருந்தால் முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகள்தான் தகுதி நாள்கள், அதாவது 18 முடிந்ததா என்று பார்க்கும் நாள்கள். ஜூலை 2-ல் 18 ஆகிறவர் அக்டோபர் வரை பொறுக்க வேண்டியதுதான்.

விடுதி மாணவர்கள் எந்த முகவரியைக் கொடுப்பது?

ஊரோ விடுதியோ, ஏதாவது ஒன்று. விடுதி என்றால் கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ் வேண்டும். கடைசி செமஸ்டர் மாணவர் ஊர் முகவரியே கொடுக்கட்டும். தேர்தல் வரும்போது அவர் விடுதியில் இருக்கப்போவதில்லை.

துறையில் நூற்றுச் சொச்சம் பேரிடம் படிவமும் ஆதார் நகலும் வாங்கி, நானே நிரப்பிக் கொண்டுபோனேன். அலுவலகத்தில் வாங்க மறுக்கிறார்கள். இதுதான் ஜனநாயகமா?

மறுத்தது சரி. ஒரே வீட்டாரின் படிவங்களை ஒருவர் கொண்டுவரலாம். மற்றபடி கட்டுக்கட்டாக வருவதை ஏற்பதில்லை. கட்சி முகவர்களுக்கே நாளுக்கு இத்தனைதான் என்று வரம்பு உண்டு.

இந்த ஆர்வக்கோளாறு வருஷா வருஷம் நடக்கிறது. வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் எழுதுவீர்கள். இனிஷியல் ஒருவிதம், எழுத்துக்கூட்டு இன்னொருவிதம் என்று சான்றிதழோடு ஒத்துப்போகாது. எல்லாருக்கும் உங்கள் மொபைல் எண்ணைப் போட்டால், விசாரணை அழைப்பு உரியவருக்குப் போகாது. நூறு பேரும் ஒரே தொகுதிக்காரர்களும் அல்ல. ஒரே மேசையில் கொடுத்து என்ன பயன்? எல்லாவற்றுக்கும் மேல், படிவத்தின் கடைசியில் இருப்பது விண்ணப்பதாரரின் உறுதிமொழி. பொய்த் தகவலுக்கு 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். மாட்டிக்கொள்வது உங்கள் நண்பர்.

ஐந்தாறு பேராக உட்காருங்கள். அவரவர் போனில் அவரவரே வாக்காளர் சேவைத் தளத்தில் நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று சரிபாருங்கள், போதும். முதலில் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேட வேண்டும். இல்லையென்றால் பாஸ்போர்ட் அளவுப் படம் (செல்ஃபி ஆகாது), பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் போல ஒரு வயதுச் சான்று, ஒரு முகவரிச் சான்று, வீட்டில் ஒருவரின் வாக்காளர் அட்டை எண். ஆளுக்குக் கால் மணி நேரம். கூட்டம் அதிகமென்றால் முதல்வர் மூலம் வாக்காளர் பதிவு அலுவலருக்கு எழுதி, கல்லூரியிலேயே முகாம் கேளுங்கள்.

அந்த ஆதார் நகல்களை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஊரில் பெயர் இருக்கிறது. விடுதிக்கு இன்னொரு படிவம் 6 போடலாமா?

கூடாது. இரண்டு இடத்தில் பெயர் இருப்பது சட்டப்படி தவறு. இடமாற்றத்துக்குப் படிவம் 8. மறுபடியும் சொல்கிறேன்: முதலில் தேடுங்கள்.

விண்ணப்பித்தாயிற்று, ரெஃபரன்ஸ் எண்ணும் வந்துவிட்டது. வேலை முடிந்ததா?

பாதிதான். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். விஷயம் தெரியாத பாட்டி ‘அவன் இங்கே இல்லையே’ என்று சொல்லிவிட்டால் நிராகரிப்புக்கு அதுவே போதும். வீட்டில் சொல்லி வையுங்கள். தெரியாத எண் என்று அழைப்பைத் துண்டிக்காதீர்கள்.

நண்பன் ‘யாருக்கும் ஓட்டுப் போட மாட்டேன், எனக்கு எதற்குப் பதிவு’ என்கிறான்.

நோட்டாவை அழுத்தக்கூடப் பட்டியலில் பெயர் வேண்டும். கட்சிப் பேச்சை மட்டும் நடுவில் கொண்டுவராதீர்கள்.

தேர்தல் அறிவித்த பிறகு சேர்க்கலாமா?

வேட்புமனுவின் கடைசி நாள் தாண்டினால் பெயர் ஏறாது. ஆட்சேபனைக்கு ஒரு வாரம் விட வேண்டும் என்பதால், அதற்குப் பத்து நாள் முன்பாவது விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

அட்டை கைக்கு வரவில்லை, பட்டியலில் பெயர் இருக்கிறது.

ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், ஏதாவது ஒன்றோடு போங்கள். அட்டை இருந்து பெயர் இல்லையென்றால்தான் திரும்பி வர வேண்டியிருக்கும்.