அரம் தொடாத கார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழைய அமெரிக்கக் கார்களில் கேடிலாக்குக்கு மட்டும் ஏன் இத்தனை பெருமை? பளபளப்புதான் காரணமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: பளபளப்பு பிறகு வந்தது. முப்பது வருடம் கடைசல் பட்டறையில் நின்றவன் நான். கேடிலாக் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது, 1908-ல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டப்பாதையில் நடந்த சோதனைதான்.

ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் மூன்று கேடிலாக் கார்களை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, பாகங்களை ஒன்றாகக் கலந்தார்கள். அவற்றில் 89 பாகங்களை எடுத்துவிட்டு, விற்பனையாளரின் கையிருப்பிலிருந்து வேறு பாகங்களை வைத்தார்கள். மெக்கானிக்குகளின் கையில் ஸ்பேனரும் திருப்புளியும் மட்டுமே. அரம் கிடையாது. மூன்று வண்டிகளும் மறுபடி உருவாகி, ஒவ்வொன்றும் 500 மைல் ஓடி முடித்தது! கார் துறைச் சாதனைக்காக அந்த கிளப் தரும் டூவர் கோப்பை கேடிலாக்குக்குக் கிடைத்தது.

அரம் கிடையாது என்பதன் பொருள் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் எவ்வளவு விலை உயர்ந்த காரானாலும் ஃபிட்டர் ஒவ்வொரு பாகத்தையும் தேய்த்துத் தேய்த்துத்தான் உட்கார வைப்பார். ஒரு வண்டியின் பாகம் அடுத்த வண்டிக்குச் சேராது. சோதனைக்கு வந்தவையோ ஒற்றை சிலிண்டர் கொண்ட எளிய வண்டிகள். அவற்றிலேயே அந்தத் துல்லியத்தைக் கொண்டுவந்தவர் கேடிலாக்கை நிறுவிய ஹென்றி லேலண்ட். துப்பாக்கித் தொழிற்சாலையிலும், அளவுக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற பிரவுன் அண்ட் ஷார்ப்பிலும் வேலை கற்றவர். அவரை நான் குருவாகவே நினைக்கிறேன்.

கேள்வி: செல்ஃப் ஸ்டார்ட்டரும் கேடிலாக்கில்தான் வந்ததா? (வாசகி, காரைக்குடி)

பதில்: ஆமாம், 1912 மாடலில். அதை உருவாக்கியவர் சார்லஸ் கெட்டரிங். அதற்கு முன் டேட்டன் நகரில் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் கம்பெனியில் இருந்தபோது, கையால் சுற்றும் கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார் பொருத்தியவர். எஞ்சினைச் சுற்றுவதற்குப் பெரிய மோட்டார் வேண்டும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். சில விநாடி வேலைதானே, சிறிய மோட்டாரே அந்தச் சுமையைத் தாங்கும் என்று அவர் கண்டார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டார் மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு அனுப்பியது. செல்ஃப் ஸ்டார்ட்டர் இல்லாத வண்டியைக் கிளப்ப, ஹாண்டில் போட்டுக் கையால் எஞ்சினைச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றிய லாரி ஹாண்டில் திருப்பி அடித்ததில் மணிக்கட்டு முறிந்து, என் அப்பா இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. கெட்டரிங்கின் அருமை எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

கேள்வி: மட்கார்டிலேயே முன்விளக்கு பதித்த பழைய கார் ஒன்றைப் படத்தில் பார்த்தேன். எந்த கம்பெனி? (வாசகர், ஈரோடு)

பதில்: பஃபலோ நகரத்து பியர்ஸ்-ஏரோ. பறவைக்கூண்டும் சைக்கிளும் செய்துவந்த பியர்ஸ் கம்பெனியின் கார். அந்த விளக்கு வடிவத்துக்கு 1914-ல் காப்புரிமை பெற்றார்கள். 1909-ல் அதிபர் டாஃப்ட் வெள்ளை மாளிகைக்கு வாங்கிய கார்களில் பியர்ஸ்-ஏரோவும் உண்டு. 1938-ல் கம்பெனி மூடப்பட்டது.

கேள்வி: லிங்கன் காரும் லேலண்டுடையதாமே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: அவருடையதே. 1917-ல் கேடிலாக்கை விட்டு வெளியேறி, 74 வயதில் புதிய கம்பெனி தொடங்கினார். 1922-ல் அது ஃபோர்டின் கைக்குப் போனது. ஆனால் பெயர் அவர் வைத்ததுதான். 1864-ல், 21 வயதில், அவர் தம் முதல் ஓட்டை ஆபிரகாம் லிங்கனுக்குப் போட்டிருந்தார்.