கேளுங்க, சொல்றேன்: பை பெருசா, பேரு பெருசா?

போன இதழ்ல ஒரு கேள்விக்கு பதில் சொல்றப்போ, "நெஞ்சு பூரா கம்பெனி பேரு போட்ட டிஷர்ட்டை 40,000 ரூவா குடுத்து வாங்கி அவனுக்கு நாமளே போஸ்டரா நிக்கணுமா"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அவ்ளோதான், லோகோ கேள்வியா வந்து கொட்டிருச்சு, பாதி பேரு என்னை திட்டி. அதனால இந்த தடவை மாமியார், ஐபிஎல், முடி கொட்டறது எல்லாத்துக்கும் லீவு.

லோகோ பெருசா இருந்தா விலை ஜாஸ்தியா, சின்னதா இருந்தா ஜாஸ்தியா? ஹாஸ்டல்ல பிரியாணிக்கு பெட் கட்டிருக்கோம் சார்.
– கல்லூரி மாணவி, சென்னை

'சின்னது'ன்னு சொன்னவங்களுக்கு பிரியாணி வாங்கிக் குடுத்துடும்மா. இதையே வேலையா உக்காந்து அளந்து பாத்துருக்காங்க. ஜோசப் நியூன்ஸும் அவர் கூட இன்னும் ரெண்டு பேரும் 2010-ல வெளியிட்ட ஆராய்ச்சி அது. கூச்சி (குச்சி இல்ல, கூச்சி), லூயி விட்டான் ஹேண்ட்பேகுக்கெல்லாம் லோகோ எவ்ளோ கத்துதுன்னு மார்க் போட்டு விலையோட வச்சுப் பாத்தா, ஒரே கம்பெனிக்குள்ளயே விலை ஏற ஏற பேரு அடங்கிட்டே போகுது. பென்ஸ் கார்லயும் அதே கதை, மூக்குல இருக்கற நட்சத்திரம் பெருசா இருந்தா பொதுவா வண்டி கொஞ்சம் மலிவான பக்கம்.

காரணம் ரொம்ப சிம்பிள். பெரிய லோகோ ரோட்ல போறவங்க எல்லாருக்கும் சேத்து எழுதுன போஸ்டர், விலை ஜாஸ்தியான பை அதைக் கண்டுபிடிக்கத் தெரிஞ்ச நாலு பேருக்கு மட்டும் போட்ட கண் ஜாடை. உங்க வீட்டு கல்யாணத்துலயே பாத்திருப்பீங்க, பெரியம்மா ஒருத்தங்க வந்து முந்தானையை உரிமையா இழுத்து, திருப்பிப் பாத்து, கோர்வையா (பார்டரைத் தனியா கோத்து நெஞ்சதா) இல்லையா, சரிகை அசலான்னு அரை நிமிஷத்துல சொல்லிட்டு பந்திக்குப் போயிடுவாங்க, புடவையில எங்கயாவது கடை பேரு இருக்கா என்ன? போட்டேகா வெனெட்டான்னு ஒரு இத்தாலி கம்பெனி, 1966-ல ஆரம்பிச்சது, தோல்பட்டையை பாய் மாதிரி பின்னி பை செய்வான். "உங்க இனிஷியலே போதும்"னு விளம்பரமே குடுத்து லோகோவை வெளிய போடாம விட்டான். ஆனா கதை என்னாச்சுன்னா, தெரிஞ்சவங்க அந்த பின்னலை வச்சே இருவது அடி தூரத்துல கண்டுபிடிச்சுடறாங்க. எழுத்து போய் பின்னல் வந்துச்சு, பந்தா அங்கயேதான் இருக்கு.

எல், வி, நடுவுல பூ பூவா போட்ட அந்த பிரவுன் பை, வெறும் பந்தாவுக்கு போட்ட டிசைன்தானே? என் பொண்ணு இல்லவே இல்லைன்னு சண்டைக்கு வர்றா.
– வாசகர், கோவை

பொண்ணு பேச்சைக் கேளுங்க சார். லூயி விட்டான் பாரிஸ்ல 1854-ல கடை போட்ட பெட்டிக்காரர். அப்பல்லாம் டிரங்குப் பெட்டிக்கு மூடி மேடா வளைஞ்சு இருக்கும், இவர்தான் மூடியைத் தட்டையாக்கி, கப்பல்லயும் ரயில்லயும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கற மாதிரி செஞ்சாரு. நல்லா ஓடுச்சு, ஓடுனதும் காப்பி அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. 1888-ல செஸ் போர்டு மாதிரி கட்டம் போட்டு, அந்த கட்டத்துக்குள்ளயே 'இது லூயி விட்டான் பதிவு பண்ண மார்க்கு'ன்னு எழுதியும் வச்சாங்க, எவன் கேட்டான். 1892-ல பெரியவர் இறந்துட்டாரு, பையன் ஜார்ஜ் வந்தாரு, அப்பா இனிஷியலையும் பூவையும் கலந்து 1896-ல இந்த டிசைனைக் கொண்டுவந்தாரு, இவ்ளோ சிக்கலா இருந்தா எவனும் காப்பி அடிக்க மாட்டான்னு நம்பி. லூயி விட்டான், ஜார்ஜ் பிடிச்சான். இன்னிக்கு உலகத்துலயே அதிகமா காப்பி அடிக்கப்படற டிசைன் எதுன்னு கேட்டா முதல் வரிசையில இதுதான் நிக்குது! ஆக அது பந்தாவுக்கு பொறந்தது இல்ல, திருட்டுக்கு போட்ட பூட்டு, பூட்டு அழகா இருந்ததால பூட்டையே திருட ஆரம்பிச்சுட்டாங்க.

இன்னொண்ணு, பொண்ணு அதை பர்த்டேக்கு கேக்கறதா இருந்தா இதையும் சொல்லி வைங்க. அந்த பிரவுன் பாகம் தோல் கிடையாது. துணி மேல பிளாஸ்டிக் பூச்சு குடுத்த கேன்வாஸ், 1959-ல இருந்து அப்படித்தான். அதுக்கு முன்னாடி இருந்தது வெறப்பா இருக்கும், பெட்டிக்குத்தான் லாயக்கு, மடங்கற மாதிரி ஆனப்புறம்தான் தோள்ல மாட்டற பை எல்லாம் நிறைய வந்துச்சு. கைப்பிடி, ஓரப்பட்டி, இது மாதிரி இடத்துலதான் நிஜத் தோல். லட்சக்கணக்குல குடுத்துட்டு "சுத்தமான லெதர்"னு சொந்தக்காரங்க கிட்ட சொல்லி மாட்டிக்கிட்ட ஒருத்தரை எனக்கு நேர்லயே தெரியும், பேரு வேணாம், வீட்டுக்குள்ள பிரச்சனை வரும்.

சட்டையில இருக்கறது முதலையா, பல்லியா?
– வாசகர், தூத்துக்குடி

முதலை. பிரான்ஸ் டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்டுக்கு முதலைன்னு பட்டப்பேரு. டீம் கேப்டன் ஒரு மேட்ச் ஜெயிச்சா முதலைத்தோல் பெட்டி வாங்கித் தர்றேன்னு பந்தயம் கட்டினதுல வந்த பேரு அது. 1933-ல தன் பேர்லயே கம்பெனி ஆரம்பிச்சு சட்டை நெஞ்சுலயே முதலையை உக்கார வச்சாங்க, அதுவரைக்கும் சட்டையில கம்பெனி மார்க்குன்னா பொதுவா காலர் உள்பக்கம் பதுங்கி இருக்கற சமாச்சாரம். உங்க முதலை இடது பக்கம் பாத்துட்டு இருக்கா? அப்ப அது சிங்கப்பூர் கம்பெனி முதலை. பிரெஞ்சு முதலை வலது பக்கம்தான் பாக்கும். ரெண்டும் பல வருஷம் கோர்ட்டுல கடிச்சுக்கிட்டுதுங்க.

நீங்க லோகோ போடறவங்களை நக்கல் அடிக்கறீங்க. இங்க லண்டன்ல நான் ஒரு பர்பெர்ரி ஸ்கார்ஃப் போட்டா வெள்ளைக்கார ஃப்ரெண்ட்ஸ் சிரிக்கிறாங்க, அதே ஸ்கார்ஃப் ஆபீஸ்ல டைரக்டர் போட்டா 'கிளாசிக்'ங்கறாங்க. இது என்ன நியாயம்?
– வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்

தப்பு என் பேர்லயும் இருக்கு, ஒத்துக்கறேன். நியாயமே கிடையாதும்மா இது, சுத்தமான அந்தஸ்துத் திமிரு.

பர்பெர்ரிங்கற இங்கிலாந்து கம்பெனியோட அந்த கட்டம் போட்ட டிசைன் 1920-கள்ல மழைக்கோட்டுக்கு உள்பக்கத் துணியா இருந்தது, கோட்டைக் கழட்டினா மட்டும் தெரியும். அப்புறம் ஸ்கார்ஃப், குடை, தொப்பின்னு வெளிய வந்துச்சு, கம்பெனியே ஆசைப்பட்டு எல்லாத்துலயும் போட்டு வித்துச்சு, கூடவே டூப்ளிகேட்டும் பெருகிச்சு. 2000-க்கு அப்புறம் ஃபுட்பால் பாக்கற பசங்க, தொழிலாளி குடும்பத்துப் பசங்க அந்த தொப்பியைப் போட ஆரம்பிச்சாங்க. உடனே இங்கிலாந்து பத்திரிகைகள் 'சாவ்'னு ஒரு கேவலமான பேரை வச்சு இவங்களையும் இந்த கட்டத்தையும் சேத்துக் கட்டிருச்சு, சில ஊர்ல பப் வாசல்லயே பர்பெர்ரி போட்டவன் உள்ள வராதன்னு நிறுத்தினாங்க. 2004-ல கம்பெனி அந்த கட்டம் போட்ட தொப்பியையே நிறுத்திருச்சு, கொஞ்ச வருஷத்துல பத்து பொருள்ல ஒண்ணுல கூட கட்டம் வெளிய தெரியாத அளவுக்கு குறைச்சாங்க. யாரு போடக் கூடாதுன்னு நினைச்சாங்களோ அவங்க போட்டுட்டாங்க, அவ்ளோதான் விஷயம்.

இதுல எனக்கு ரொம்ப எரிச்சல் என்னன்னா, 2017-ல அதே கம்பெனி அதே கட்டம் போட்ட தொப்பியைத் தூசி தட்டி ராம்ப்ல ஏத்துச்சு, இப்ப அது ஃபேஷனாம். ஸ்கார்ஃபைப் போட்டுட்டு போங்க, சிரிக்கிறவங்க கிட்ட 2004-ல அவங்க அண்ணன் என்ன தொப்பி போட்டாருன்னு கேளுங்க.

டூப்ளிகேட் பேக் வச்சிருந்தா போலீஸ் பிடிக்குமா? ஐரோப்பா டூர் போறோம், அதான் பயமா இருக்கு.
– குடும்பத் தலைவி, சேலம்

நம்ம ஊர்ல சட்டம் விக்கறவனைத்தான் துரத்துது. 1999 டிரேட்மார்க் சட்டப்படி போலி மார்க் போட்டு வித்தா 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000-ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். ஆனா இத்தாலியில வாங்கறவங்களுக்கும் ஃபைன் உண்டு, 7,000 யூரோ வரைக்கும் போடலாம். ரோம்ல பிளாட்பாரத்துல விரிச்சு வச்சு கூப்பிடுவாங்க, வாங்கிடாதீங்க.

நானும் யோக்கியன் இல்ல. காலேஜ் படிக்கறப்போ கூச்சி லோகோ மாதிரி ரெண்டு 'ஜி' போட்ட பெல்ட் ஒண்ணு பிளாட்பாரத்துல வாங்கினேன், ஒரு மாசத்துல ஒரு 'ஜி' விழுந்துருச்சு. ஜி-யில ஆரம்பிக்கற பேருங்கறதால அப்படியே சமாளிச்சேன்!

ஆனா எல்லா டூப்ளிகேட்டும் ஒரே ரகம் இல்லைங்க. நியூயார்க் ஹார்லெம்ல டேப்பர் டான்னு ஒரு கறுப்பினத்துக்காரர், 1982-ல 125-வது தெருவுல கடை போட்டாரு. கூச்சி, ஃபெண்டி, விட்டான் லோகோவையெல்லாம் தோல்ல பிரிண்ட் பண்ணி ராப் பாடகர்களுக்கும் பாக்ஸர்களுக்கும் ஜாக்கெட், கோட்டு, கார் சீட்டு வரைக்கும் தச்சுக் குடுத்தாரு, இதுல கூத்து என்னன்னா அந்த கம்பெனிங்க அப்ப அந்த மாதிரி லோகோ உடுப்பு பெருசா தைக்கவே இல்ல. ரெய்டு மேல ரெய்டு, கேஸு, 1992-ல கடையை மூடிட்டாங்க. இருவத்தஞ்சு வருஷம் கழிச்சு 2017-ல கூச்சி ஷோல ஒரு ஜாக்கெட் வருது, பாத்தா இவர் 1989-ல ஒரு ஓட்டப்பந்தய வீராங்கனைக்குத் தச்சதோட அச்சு அசல்! ஊரே சத்தம் போட்டுச்சு, அடுத்த வருஷம் கூச்சியே அவரோட சேந்து ஹார்லெம்ல கடை திறந்து வச்சுச்சு. இப்ப யாரு ஒரிஜினல், யாரு டூப்ளிகேட்டுன்னு நீங்களே சொல்லுங்க.

வெளிய லோகோவே இல்லாத பிர்கின் பைக்கு ஏன் இந்த விலை?
– வாசகர், திருநெல்வேலி

ஹெர்மேஸ்னு ஒரு பிரெஞ்சு கம்பெனி செய்யற பை அது. மூடிக்குக் கீழ குட்டியா 'ஹெர்மேஸ் பாரிஸ்'னு அச்சு இருக்கும், அவ்ளோதான். மத்தபடி அந்த வடிவம், அந்த பூட்டு, இதுதான் லோகோ. விலையை விட கடைக்குள்ள போனா உடனே குடுக்க மாட்டாங்கங்கறதுதான் பெரிய விளம்பரம். ஜேன் பிர்கின்னு நடிகைக்காக 1984-ல செஞ்ச முதல் பை, அவங்க நகவெட்டி தொங்க விட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, தேய தேய யூஸ் பண்ணது, 2025 ஜூலையில பாரிஸ் ஏலத்துல 86 லட்சம் யூரோவுக்குப் போச்சு.

நான் ஷூ கம்பெனியில 18 வருஷம் வேலை பாத்தவன். நாங்க தைச்ச அப்பரை (ஷூவோட மேல்பாகம்) ஐரோப்பாவுக்கு அனுப்புவோம், அங்க அடிபாகம் சேத்து அவங்க பேரு போட்டு வரும். லேபிள்ல எங்க ஊரு பேரே இருக்காதே, இது ஏமாத்து வேலை இல்லையா?
– வாசகர், ஆம்பூர்

சட்டப்படி ஏமாத்து இல்ல அண்ணே. பல நாட்டுல கை மாறி செஞ்ச பொருளுக்கு, கடைசியா பெரிய வேலை எந்த நாட்டுல நடந்துச்சோ அந்த நாட்டைத்தான் பிறந்த ஊருன்னு ஐரோப்பிய விதி சொல்லுது. நீங்க தைச்சது பாதி, அவன் ஒட்டினது மீதி, பேரு மீதிக்கு.

இத்தாலிக்குள்ளயே இந்த கூத்து இருக்கு. காண்ட்ராக்ட் பட்டறையில தொழிலாளிங்களைச் சுரண்டறதைக் கண்டுக்காம விட்டதுக்காக 2024-ல மிலான் கோர்ட், டியோர்ங்கற பிரெஞ்சு ஃபேஷன் கம்பெனியோட தயாரிப்பு பிரிவு ஒண்ணை மேற்பார்வையில வச்சுது, 2025-ல அந்த மேற்பார்வையை எடுத்துட்டாங்க. கடையில 2,600 யூரோவுக்கு விக்கற பைக்கு, காண்ட்ராக்ட் எடுத்த பட்டறைக்கு தையல் கூலியா 53 யூரோ குடுத்ததா விசாரணையில வெளிய வந்துச்சு, தோல், துணி காசு தனி. உங்க கம்பெனியில ஒரு ஜோடி அப்பருக்கு எவ்ளோ குடுத்தாங்கன்னு ஒரு கார்டு போடுங்க அண்ணே, ஊர் பேரோட அடுத்த இதழ்லயே போடறேன்.