பெஞ்சுல இருந்த பையன் எழுந்து போனா

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் 2009ல இண்டியானா மாநிலத்துல இருக்கிற பர்டூ யுனிவர்சிட்டிக்கு எம்எஸ் படிக்க வந்து அப்படியே வெஸ்ட் லஃபாயெட்லயே வேலை, குடும்பம்னு தங்கிட்டவன். வந்த புதுசுல இந்த ஊர் ஃபுட்பால் (சாக்கர் இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) ஒண்ணுமே புரியாது, இப்போ சீசன் சனிக்கிழமைன்னா பொண்ணைக் கூட்டிட்டு ராஸ்-ஏட் ஸ்டேடியம் போயிடுவோம். ஆனா ரெண்டு வருஷமா அங்க போறதே வேதனையா இருக்கு. 2024ல ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சோம், 2025ல ரெண்டு. இதே மாநிலத்து எதிரி டீம் இண்டியானா யுனிவர்சிட்டிகிட்ட 66-0ன்னு தோத்தோம், அடுத்த வருஷம் எங்க கிரவுண்ட்லயே 56-3. அதே இண்டியானா 2026 ஜனவரில நேஷனல் சாம்பியன் ஆயிடுச்சு! பேஸ்கட்பால்ல நாங்க நல்லாத்தான் இருக்கோம், 2025-26 சீசனை நம்பர் ஒண்ணாவே ஆரம்பிச்சோம். என் கேள்வி, இதெல்லாம் வெறும் பணம்தானா? பிளேயருக்கு சம்பளம் வந்தப்புறம் காசு இருக்கிற காலேஜ்தான் ரெண்டு ஆட்டத்துலயும் ஜெயிக்குமா? எங்க ஃபுட்பாலுக்கு விடிவு இருக்கா? நீங்க எப்பவும் எழுதற சின்ன காலேஜ்களுக்கு இனிமே என்ன வழி?

வெஸ்ட் லஃபாயெட்லேர்ந்து ஒரு வாசகன்

தம்பிக்கு,

உங்க லெட்டர் வந்து நாலு நாள் ஆச்சு, உடனே எழுத முடியல. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்க பர்டூ ஆளுங்க மேல எனக்கு எப்பவும் ஒரு பாசம் உண்டு, ஏன்னா நான் இருக்கிறது ஜெர்சி சிட்டி. ஜர்னல் ஸ்கொயர்ல நம்ம ஆளுங்க மளிகைக் கடை இருக்கிற தெருவுலேர்ந்து நடந்து போற தூரத்துலதான் செயின்ட் பீட்டர்ஸ் காலேஜ். 2022 மார்ச்ல நேஷனல் பேஸ்கட்பால் டோர்னமென்ட்ல 15வது சீடா (ஒரு பிரிவுல இருக்கிற 16 டீம்ல 15வது தரம்) வந்து கென்டக்கியை ஓவர்டைம்ல 85-79ன்னு தோற்கடிச்சு, முர்ரே ஸ்டேட்டை ஜெயிச்சு, அப்புறம் உங்க பர்டூவையும் 67-64ன்னு அனுப்பி வச்சாங்களே, அந்தப் பசங்க பஸ் ஏறுற ரோடு வழியாதான் நான் தினமும் வீட்டுக்குப் போறேன். 15வது சீடா வந்த ஒரு டீம் கடைசி எட்டு வரைக்கும் போனது அதுவே முதல் தடவை. அந்த ரெண்டு வாரம் காய்கறிக் கடைல பில் போடற அண்ணன் கூட ஸ்கோர் கேட்டுட்டு இருந்தாரு.

அது முடிஞ்ச கையோட என்ன ஆச்சு தெரியுமா? கோச் ஷஹீன் ஹாலோவே செட்டன் ஹால் போயிட்டாரு. அது அவர் படிச்ச காலேஜ், அவரைக் குறை சொல்லவே முடியாது. மீசைக்காரப் பையன் டக் எடர்ட் பிரையன்ட் போனான், டாரில் பேங்க்ஸ் செயின்ட் பானவெஞ்சர், ட்ரமே ரெட்டையர் ரெண்டு பேரும் லா சால், கேசி என்டெஃபோ கோச் பின்னாடியே. ஒரு வசந்த காலத்துல மொத்த டீமும் கரைஞ்சிடுச்சு. எனக்கு அது இன்னைக்கு வரைக்கும் வலிக்குது. ஆனா அந்தப் பசங்க போனது சரின்னும் நினைக்கிறேன். கோச் எப்ப வேணா வேலை மாத்தலாம், பையன் மாத்தினா ஒரு வருஷம் ஆடாம உக்காரணும்னு அத்தனை வருஷம் வச்சிருந்தது அநியாயம். 2021ல ஒரு தடவை மாறிக்கலாம்னாங்க, 2024லேர்ந்து படிப்பு ஒழுங்கா இருந்தா எத்தனை தடவை வேணா மாறலாம். நடுவுல 2021 ஜூலைலேர்ந்து பேரையும் படத்தையும் வச்சு சம்பாதிக்கலாம்னு ஆச்சு, 2025 ஜூன்ல கோர்ட் ஒத்துக்கிட்ட சமரசத்துக்கு அப்புறம் காலேஜே நேரடியா பணம் குடுக்குது, 2025-26 வருஷத்துக்கு ஒரு காலேஜுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும்.

சரி, உங்க கேள்விக்கு வரேன். பணம்தானான்னா, பணம் இல்லாம முடியாது, ஆனா ரெண்டு ஆட்டத்துலயும் அதே பணம் எதிர் எதிரா வேலை செய்யுதுன்னுதான் நான் பாக்கறேன்.

ஃபுட்பால்ல முன்னாடி பெரிய காலேஜோட பலம் எது? மைதானத்துல நிக்கிற பதினோரு பேர் இல்ல, பின்னாடி பெஞ்சுல உக்காந்திருக்கிறவங்கதான். ஒரு டீமுக்கு 85 ஸ்காலர்ஷிப் இருந்துது, அலபாமாவும் ஜார்ஜியாவும் ஓஹையோ ஸ்டேட்டும் வேற எந்த டீம்லயும் முதல் ஆளா ஆடக்கூடிய பையனை மூணாவது ஆளா உக்கார வச்சிருப்பாங்க, அவனும் ஒரு வருஷம் வீணாப் போகுமேன்னு பயந்து காத்துட்டு இருப்பான். இப்போ அவன் எழுந்து போறான். அவன் எழுந்து போனதும் திறமை மேலேர்ந்து நடுவுக்கு வழிய ஆரம்பிச்சுது. சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற பிளேஆஃப் சுற்றுலயும் நாலு டீமுக்கு பதிலா 2024லேர்ந்து 12 டீம்னு ஆயிடுச்சு, அதனால நடுத்தர டீம் கோச் ஒருத்தர் பையன்கிட்ட உக்காந்து "வா, நாமளும் அங்க போவோம்"னு பொய் இல்லாம சொல்ல முடியுது.

இண்டியானா கதைல இதெல்லாம் ஒண்ணா சேர்ந்துது. மொத்தமா 700 தோல்விக்கு மேல வாங்கின டீம் அது, பெரிய காலேஜ்கள்ல அவ்வளவு தோத்த டீம் தேடினாலும் கிடைக்காதுன்னு ரொம்ப வருஷம் பேர் வாங்கியிருந்துது. 2023 கடைசில கோச்சா கர்ட் சிக்னெட்டி வந்தாரு, எப்படி பசங்களை இழுக்கப் போறீங்கன்னு கேட்டதுக்கு "நான் ஜெயிப்பேன், கூகுள் பண்ணிப் பாருங்க"ன்னாரு. எல்லாரும் அந்த வசனத்தைத்தான் ஞாபகம் வச்சிருக்காங்க, எனக்கு முக்கியமாப் படறது வேற. அவர் தனியா வரல. முன்னாடி இருந்த ஜேம்ஸ் மேடிசன் காலேஜ்ல தன்கிட்ட ஆடின 13 பசங்களோட வந்தாரு. ஐடன் ஃபிஷர், எலைஜா சாரட், டி'ஆஞ்சலோ பாண்ட்ஸ், மிக்கேல் கமாரா எல்லாம் அந்தக் கூட்டம்தான். ஃபைனல்ல எதிரி டீம் தூக்கி உதைச்ச பந்தை (பன்ட்) தடுத்தானே கமாரா, அந்த பந்துதான் டச்டவுன் ஆச்சு, ஆறு பாயின்ட். பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தற குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மென்டோசா ஸ்கூல்ல யாரும் பெருசா கண்டுக்காத பையன், கலிஃபோர்னியா யுனிவர்சிட்டிலேர்ந்து மாறி வந்து, நாட்டுலயே சிறந்த பிளேயருக்குக் குடுக்கிற ஹைஸ்மன் விருதை வாங்கினான், ஃபைனல்ல நாலாவது டவுன்ல (கடைசி வாய்ப்புல) பன்னிரண்டு யார்டு ஓடி, அடிபட்டு, புரண்டு, கோட்டுக்குள்ள விழுந்தான் பாருங்க, நான் சோஃபாவுல உக்காரவே இல்ல. மயாமியை 27-21. அலபாமாவை 38-3, ஆரிகனை 56-22. 16-0 அப்படிங்கிற கணக்கு 1894ல யேலுக்கு அப்புறம் யாருக்கும் அமையல.

அதனால வெறும் காசுன்னு சொன்னா இந்தப் பசங்களுக்கு நாம அநியாயம் பண்றோம். காசு மட்டும்னா அலபாமாவே ஜெயிச்சிருக்கணும். ஒண்ணா ஆடிப் பழகின ஒரு கூட்டத்தை நடுவுல வச்சு, சுத்தி மத்தவங்களைச் சேர்த்ததுதான் அங்க நடந்துது. உங்க பர்டூல 2025ல பேரி ஓடம் கோச்சா வந்தாரு, அவரும் போர்ட்டல்லேர்ந்துதான் (காலேஜ் மாற நினைக்கிற பசங்க பேர் குடுக்கிற பட்டியல்) டீமைக் கட்டினாரு, ஆனா நாலா திசைலேர்ந்தும் வந்த பசங்க, யாருக்கும் யாரையும் தெரியாது. முதல் வருஷம் அப்படித்தான் இருக்கும். ரெண்டாவது வருஷமான 2026ல எத்தனை பேர் தங்கியிருக்காங்கன்னு எண்ணுங்க, புதுசா யார் வர்றாங்கன்னு தினமும் போன்ல பாக்காதீங்க. நடு லைன்ல தடுக்கிற அஞ்சு பேர்ல மூணு பேர் பழைய ஆளா இருந்தாலே ஸ்கோர் மாறும், 56-3 எல்லாம் வராது. நீங்க ஆடற பிக் டென் கான்ஃபரன்ஸ்ல (காலேஜ் டீம்கள் சேர்ந்து ஆடற லீக்) 18 டீம், அதுல கடைசிலேர்ந்து நடுவுக்கு வர்றதுக்கே ரெண்டு மூணு வருஷம் ஆகும்னு பொண்ணுகிட்ட இப்பவே சொல்லி வைங்க.

பேஸ்கட்பாலுக்கு வரும்போதுதான் எனக்கு மனசு கனக்குது. அங்க அஞ்சு பேர்தான் ஆட்டம். ரெண்டு பசங்க மாறினாலே டீமோட தலையெழுத்து மாறிடும். சின்ன காலேஜ் மார்ச்ல எப்படி ஜெயிச்சுது? வயசால. கென்டக்கியும் டியூக்கும் 18, 19 வயசுப் பசங்களை ஒரு வருஷம் ஆட வச்சு என்பிஏவுக்கு அனுப்பும், சின்ன காலேஜ்ல நாலு வருஷம் ஒண்ணா ஆடின 22 வயசுப் பசங்க இருப்பாங்க, ஒருத்தன் எங்க ஓடுவான்னு இன்னொருத்தனுக்குப் பாக்காமலே தெரியும். அந்த ஒரு சொத்துதான் அவங்ககிட்ட இருந்துது. இப்போ அந்த 22 வயசுப் பையனைத்தான் பெரிய காலேஜ் வாங்குது.

2025 சாம்பியன் ஃப்ளோரிடாவை எடுத்துக்கோங்க. வால்டர் கிளேட்டன் ஐயோனாவுலேர்ந்து வந்தவன், வில் ரிச்சர்ட் பெல்மான்ட், அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லாண்டிக். மார்ட்டின் 2023லயே தன் சின்ன காலேஜை ஃபைனல் ஃபோர் வரைக்கும் கொண்டு போன பையன்! ஹூஸ்டனை 65-63ன்னு ஜெயிச்ச அந்த டீம் மூணு சின்ன காலேஜோட கனவைச் சேர்த்து தைச்ச மாதிரி இருந்துது. அந்த வருஷம் கடைசி நாலும் நம்பர் ஒன் சீடு, கடைசி 16ல இருந்த அத்தனை டீமும் பெரிய கான்ஃபரன்ஸ். டிரேக்னு அயோவால ஒரு சின்ன காலேஜ், பென் மெக்கல்லம் கீழ் டிவிஷன்லேர்ந்து தன் பசங்க நாலு பேரோட அங்க வந்து ஒரே சீசன்ல 31-4 பண்ணாரு, மிசௌரியையும் தட்டினாரு, ஏப்ரலுக்குள்ள அயோவாவுக்குப் போயிட்டாரு, நல்ல பையன் பென்னட் ஸ்டர்ட்ஸும் கூடவே. சிக்னெட்டி பண்ணினதேதான், ஆனா டிரேக் பக்கம் நின்னு பாத்தா அது வேற மாதிரி தெரியுது. ஜேம்ஸ் மேடிசன் நிலைமையும் அதுதான், சிக்னெட்டி போனப்புறமும் எழுந்து நின்னு 2025 பிளேஆஃப் வரைக்கும் வந்தாங்க, ஆரிகன்கிட்ட 51-34ன்னு தோத்தாங்க, அந்த கோச்சையும் யூசிஎல்ஏ கூட்டிட்டுப் போயிடுச்சு.

வழியே இல்லையான்னு கேட்டா, ஒரு சந்து தெரியுது. பெரிய காலேஜ்கள் குடுக்கிற பணத்துல பெரும்பங்கு ஃபுட்பாலுக்கே போயிடுது. ஃபுட்பாலுக்குப் பெருசா செலவு பண்ணத் தேவையில்லாத காலேஜ் பேஸ்கட்பால்ல தாராளமா நிக்கலாம். செயின்ட் ஜான்ஸ் காலேஜ் கோச் பிட்டினோ தலைமைல 2025ல பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸை ஜெயிச்சது அப்படித்தான். ஆனா அது நடுத்தரத்துக்கு உள்ள வழி, செயின்ட் பீட்டர்ஸ் மாதிரி மூவாயிரம் பேர் சொச்சம் உக்கார்ற அரங்கம் உள்ளவங்களுக்கு இல்ல. பையன் ஒருத்தன் கிளம்பும்போது அவனை நாலு வருஷம் வளர்த்த காலேஜுக்கு வாங்கற காலேஜ் ஒரு தொகை குடுக்கணும்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டு வரேன், உலக சாக்கர்ல சின்ன க்ளப்புக்கு அப்படிக் குடுக்கறாங்க, இங்க ஏன் முடியாது?

உங்க பேஸ்கட்பால் டீமை நீங்க கொஞ்சம் லேசா சொல்லிட்டுப் போயிட்டீங்க, அதுதான் எனக்கு வருத்தம். 2021ல நார்த் டெக்சஸ், 2022ல எங்க ஊர்ப் பசங்க, 2023ல ஃபேர்லி டிக்கின்சன், மூணு வருஷம் வரிசையா சின்ன டீம்கிட்ட தோத்து நாடே பாத்துது. அந்த ஃபேர்லி டிக்கின்சன் அந்த வருஷம் நாட்டுலயே குட்டையான டீம், உங்ககிட்ட 7 அடி 4 அங்குலம் சேக் ஈடி. அவ்வளவு அவமானத்துக்கு அப்புறம் வேற ஊரா இருந்தா பசங்க ஆளுக்கொரு பக்கம் போயிருப்பாங்க. பிரேடன் ஸ்மித், ஃப்ளெட்சர் லாயர், ட்ரே காஃப்மன்-ரென் தங்கினாங்க. அடுத்த வருஷமே ஃபைனல், யூகான்கிட்ட 75-60ன்னு தோத்தாலும் அது பெரிய விஷயம். 2025-26 சீசன் வரைக்கும் அந்த மூணு பேரும் அங்கதான் இருந்தாங்க, அதுதான் அவங்களுக்குக் கடைசி சீசன். பொண்ணை உங்க பேஸ்கட்பால் அரங்கம் மேக்கி அரீனாவுக்கு ஒரு தடவையாவது கூட்டிட்டுப் போயிடுங்க, ஸ்மித் பாக்காமலே பாஸ் போட்ட இடத்தை அவ நேர்ல பாக்கட்டும்.

பர்டூவும் இண்டியானாவும் வருஷா வருஷம் மோதற ஓக் மர வாளி மேட்ச் 2026 நவம்பர்ல இண்டியானா கிரவுண்ட் இருக்கிற ப்ளூமிங்டன்ல. டிக்கெட் எடுக்கப் போறீங்கன்னா எழுதுங்க, நானும் வரேன்.

அன்புடன்,
அண்ணா