கரை ஒதுங்கும் குப்பை எங்கிருந்து வருகிறது? வாசகர் கேள்வி – பதில்

கடல் மாசு பற்றி வந்த கேள்விகளில், நாலு பேர் சேர்ந்தால் செய்து முடிக்கக்கூடிய வேலைகளைப் பற்றியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: மாதம் ஒருமுறை 40 பேர் கூடிக் கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம். மூட்டை மூட்டையாக அள்ளினாலும் அடுத்த மாதம் மறுபடி அதே அளவு கிடக்கிறது. இந்த உழைப்பால் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அள்ளுவதோடு நிறுத்திக்கொண்டால் பாதிப் பயன்தான். என்ன கிடந்தது, எத்தனை கிடந்தது என்று எண்ணி எழுதினால்தான் அது வரும் வழி தெரியும். வழி தெரிந்தால்தான் மறிக்க முடியும். 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கிய சர்வதேசக் கடற்கரைத் தூய்மைப் பணியில் தொடக்கம் முதலே தொண்டர் கையில் பையோடு பதிவு அட்டையும் இருந்தது இதற்காகத்தான்.

கரை முழுவதையும் எண்ண வேண்டாம். 100 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, இரு முனையையும் நகராத அடையாளங்களோடு (மரம், மின்கம்பம், சுவர்) குறித்துக்கொள்ளுங்கள். நீர் விளிம்பிலிருந்து மணல் முடிந்து செடிகொடி தொடங்கும் இடம் வரை அதன் அகலம். கடல் வற்றும் நேரத்தில் இறங்குங்கள். மூன்று நான்கு பேர் இரண்டு மீட்டர் இடைவெளியில் கரைக்கு இணையாக நடந்து, 2.5 செ.மீ.க்கு மேற்பட்ட ஒவ்வொன்றையும் எடுத்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒருவர் எழுத மட்டுமே. பொறுக்குகிறவரே எழுதவும் செய்தால் பத்தாவது நிமிடத்திலிருந்து கணக்கு பிசகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் செய்தால் போதும். மற்ற மாதங்களில் இந்த 100 மீட்டரைச் சுத்தம் செய்தால் அதையும் தேதியோடு எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் எண்ணிக்கை குறைந்தது குப்பை வரத்து குறைந்ததாலா, இல்லை முந்தைய வாரம் யாரோ அள்ளியதாலா என்று பிரித்தறிய முடியாது. முதல் முறை கிடைப்பது பல ஆண்டு சேர்மானம். அதை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். புயலுக்கு அடுத்த எண்ணிக்கையையும் தனியாக வையுங்கள்.

எடையை மட்டும் நம்புவதும் தவறு. ஈர மணல் ஒட்டிய ஒரே ஒரு வலைத்துண்டு ஆயிரம் மூடிகளை விடக் கனமாக இருக்கும். எண்ணிக்கையே வழி காட்டும்.

எண்ணி முடித்ததும் பட்டியலைப் படிக்கத் தெரிய வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சிகளின் பிளாஸ்டிக் தண்டுகள் நிறையக் கிடைத்தால், கழிப்பறையில் போட்டவை சாக்கடை வழியாக வந்திருக்கின்றன. விரல் நீள நைலான் கயிற்றுத் துண்டுகள் என்றால், வலை பழுது பார்க்கும் இடத்தில் வெட்டுத்துண்டுகள் தரையிலேயே விடப்படுகின்றன. அங்கே ஒரு மூடிபோட்ட தொட்டி வைத்தாலே அடுத்த எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியும். ஒரு பொருளின் மேல் கொட்டலசு எனும் ஓட்டுயிரிகள் அடர்ந்து ஒட்டியிருந்தால் அது வெகுநாள் கடலில் மிதந்தது, தூரத்திலிருந்து வந்திருக்கலாம். உறையில் எழுத்து மங்காமல், தயாரிப்புத் தேதி அண்மையில் இருந்தால் அது உங்கள் பக்கத்து வாய்க்காலின் குப்பை.

பாட்டில்களை விட மூடிகள் ஏன் அதிகம் ஒதுங்குகின்றன என்று பலர் கேட்கிறார்கள். பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.38 கிராம். கடல்நீர் சுமார் 1.025. மூடி திறந்து நீர் புகுந்த பாட்டில் அடியில் போய்விடும். மூடிகளோ பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன், அடர்த்தி 0.90 முதல் 0.97 வரை, அதனால் மிதக்கும். ஆக, கரையில் காண்பது கடலில் சேர்ந்ததன் ஒரு பகுதியே. வந்தபின் அள்ளுவதை விட வழியில் மறிப்பது மேல் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவே பெரிய காரணம்.

கேள்வி: சுத்தம் செய்யும்போது எதைத் தொடக் கூடாது?

பதில்: ஒதுங்கிய கடற்பாசியை விட்டுவிடுங்கள். அது குப்பையல்ல; சிறு உயிரினங்களுக்கும் கரைப் பறவைகளுக்கும் தீனி, மணலை அரிப்பிலிருந்து காப்பதும் அதுவே. அதில் சிக்கிய பிளாஸ்டிக்கை மட்டும் கையால் பிரித்தெடுங்கள். ஆமை முட்டையிடும் பருவத்தில் இரும்பு வாரியோ டிராக்டரோ மணலில் இறங்கக் கூடாது. ஊசிகளைக் கையுறை போட்டும் தொடாதீர்கள்; இடுக்கியால் எடுத்துக் கெட்டியான மூடியுள்ள டப்பாவில் போடுங்கள், ஊசிக்கு மூடி மாட்ட முயலாதீர்கள். அடையாளம் தெரியாத பீப்பாய், சிலிண்டர், வெடிபொருள் போன்றது எதுவானாலும் விலகி நின்று காவல்துறைக்குச் சொல்லுங்கள். எரிப்பதும் புதைப்பதும் வேண்டவே வேண்டாம்: பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் எனும் நச்சு வரும், புதைத்ததை அடுத்த பெரும் அலை தோண்டிப் போடும். மணலும் உப்பும் ஏறிய பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்காரர்கள் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். ஆகவே மூட்டைகளை ஏற்றிச் செல்லும் வண்டியையும், அது போய்ச் சேரும் இடத்தையும் உள்ளாட்சியோடு முன்னதாகவே பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் வாய்க்கால் கடலில் கலக்குமுன் மிதவைத் தடுப்பு போட நினைக்கிறோம். போன முறை போட்டது முதல் வெள்ளத்திலேயே அறுந்துவிட்டது. எப்படி அமைப்பது?

பதில்: பெரும்பாலும் இரண்டு காரணங்களால் அறும். நீரோட்டத்துக்கு நேர் குறுக்காகக் கட்டியிருப்பீர்கள். அல்லது சேர்ந்த குப்பையை உடனுக்குடன் எடுத்திருக்க மாட்டீர்கள்.

முதலில் இடம். கடைசி வடிகால் வந்து சேரும் இடத்துக்குக் கீழே, ஆனால் கடலின் ஏற்றம் எட்டும் இடத்துக்கு மேலே இருக்க வேண்டும். ஏற்றம் எட்டுகிற இடத்தில் நீர் பின்னோக்கித் திரும்பும்போது, பிடித்த குப்பை தடுப்பை விட்டுப் பிரிந்து மேலே போய்ச் சிதறும். வாய்க்கால் வளையும் இடத்தில் மிதப்பவை தாமாகவே வளைவின் வெளிக்கரைப் பக்கம் ஒதுங்கும். அந்தக் கரையில் வண்டி வர வழியிருந்தால் சேகரிக்கும் மூலையை அங்கே வையுங்கள். எவ்வளவு நல்ல தடுப்பானாலும், எடுத்த குப்பையைக் கரையேற்ற வழியில்லாத இடத்தில் போட்டால் ஒரு மாதத்தில் கைவிடப்படும்.

மிதவைக்கு 160 முதல் 200 மி.மீ. விட்டமுள்ள குழாய்கள் ஏற்றவை. இரு முனையும் நீர் புகாமல் அடைத்து, துண்டுதுண்டாகக் கயிற்றால் கோத்தால் அலைக்கு வளைந்து கொடுக்கும். அதன் அடியில் 30 முதல் 50 செ.மீ. ஆழத்துக்குக் கெட்டியான வலைப்பாவாடை, அதன் கீழ்விளிம்பில் சங்கிலி. சங்கிலி இல்லாவிட்டால் ஓட்டம் பாவாடையைத் தூக்கிவிடும், குப்பை அடிவழியே நழுவும். பாவாடை தரையைத் தொடவும் கூடாது, மீன்கள் போய்வர வழி வேண்டும்.

தடுப்பைக் கரையோடு 30 முதல் 45 பாகை சாய்வாகக் கட்டுங்கள். அப்போது குப்பை அதன் மேல் முட்டி நிற்காமல், அதை ஒட்டி நகர்ந்து சேகரிப்பு மூலைக்குப் போகும், இழுவிசையும் குறையும். நீர்மட்டம் ஏறி இறங்க இடம் கொடுக்க, கரைக் கம்பத்தில் வளையம் மாட்டி அதில் கயிற்றைக் கட்டுங்கள். மேல்முனையில் மட்டும் வேண்டுமென்றே பலம் குறைந்த ஒரு கயிறு இருக்கட்டும். பெருவெள்ளத்தில் அது முதலில் அறும். தடுப்பு மறுகரையோரம் ஒதுங்கிக்கொள்ளும், முழுதாகப் போகாது, நீரும் ஊருக்குள் ஏறாது. அனுமதி கொடுக்கும் பொறியாளர் முதலில் கேட்பது இதைத்தான்.

ஆகாயத்தாமரை உள்ள வாய்க்காலில் மேலே இன்னொரு கயிறு கட்டி அதைத் தனியே பிடியுங்கள். ஈரத் தாமரையின் கனம் எந்தத் தடுப்பையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு மழைக்கும் பிறகு அன்றே வார வேண்டும். பைக்கு 10 கிலோவுக்கு மேல் நிரப்பாதீர்கள், தூக்குகிறவர் இடுப்பு முக்கியம். அமெரிக்காவின் பால்டிமோரில் ஜோன்ஸ் ஃபால்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் 2014 முதல் இயங்கும் மிதவை இயந்திரமும் இதே கொள்கைதான்: சாய்ந்த மிதவைகள் குப்பையைத் திரட்டிக் கொடுக்கின்றன, நீர்ச்சக்கரமும் சூரிய மின்சாரமும் இயக்கும் பட்டை அதைத் தொட்டியில் ஏற்றுகிறது.

கேள்வி: 'மக்கும்' என்று அச்சிட்ட பைகள் கடலில் மக்குமா?

பதில்: நம்பாதீர்கள். அவற்றில் பல, பி.எல்.ஏ. எனும் பொருளால் ஆனவை. அது மக்குவதற்கு 60 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் வைத்திருக்கும் தொழிற்கூடம் வேண்டும். குளிர்ந்த கடல்நீரில் அந்தப் பையும் மற்றப் பிளாஸ்டிக்கைப் போலவே நெடுங்காலம் கிடக்கும்.

கேள்வி: மணலில் பருப்பளவு வெள்ளை மணிகள் கிடக்கின்றன. அவை என்ன? எப்படி அகற்றுவது?

பதில்: பிளாஸ்டிக் பொருள் செய்வதற்கான மூலப்பொருள் குருணைகள், பெரும்பாலும் 5 மி.மீ.க்குள் இருக்கும். 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து மூழ்கியபோது இவை டன் டன்னாகக் கரையை மூடின. ஆலைகளில் மூட்டை கிழிந்து மழைநீர் வடிகாலில் இறங்குவதும் உண்டு. அந்த வடிகால் வாயில் நுண்வலை போடச் சொல்லி ஆலையிடம் கேட்பதே முதல் வேலை.

அகற்ற, மேல்மணலை 5 செ.மீ. வரை அள்ளி, நன்றாகக் காயவிட்டு, 1 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் சலியுங்கள். ஈர மணல் கண்ணை அடைத்துவிடும். அவசரப்பட்டு அப்படிச் சலிப்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். காய நேரமில்லையென்றால் வாளியில் பாதி மணல், மேலே கடல்நீர் ஊற்றிக் கலக்கி ஒரு நிமிடம் விடுங்கள். மிதப்பதை வலைக்கரண்டியால் எடுக்கலாம். சல்லடையில் தங்கிய சிப்பிகளையும் பாசியையும் திரும்ப மணலிலேயே போடுங்கள். கையுறை அவசியம், ஏனென்றால் இந்தக் குருணைகள் கடல்நீரிலுள்ள நச்சு வேதிப்பொருள்களைத் தம் மேல் ஈர்த்து வைத்துக்கொள்கின்றன.

கேள்வி: நாங்கள் கடலிலிருந்து வெகுதூரத்தில், ஆற்றங்கரையில் விவசாயம் செய்கிறோம். எங்களுக்கும் இதில் வேலை உண்டா?

பதில்: நிறைய உண்டு, அதுவும் கண்ணுக்குத் தெரியாத மாசில். வயலில் மிஞ்சிய தழைச்சத்தும் மணிச்சத்தும் ஆறு வழியே கடலில் சேர்ந்தால் நுண்பாசி பெருகும். அது செத்து அழுகும்போது பாக்டீரியாக்கள் அடிநீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன்கள் ஓடிவிடும், ஓட முடியாதவை சாகும். மிசிசிப்பி ஆறு கலக்கும் மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் இது நடக்கிறது.

இதை மாற்ற முடியும் என்பதற்குக் கருங்கடல் சாட்சி. சோவியத் ஒன்றியம் சிதைந்த பின் அந்தப் பகுதியில் உரப் பயன்பாடு சடாரென்று குறைந்தது. 1990களிலேயே அதன் வடமேற்குப் பகுதியில் ஆக்சிஜன் அற்ற பரப்பு வெகுவாகச் சுருங்கியது.

நீங்கள் செய்ய வேண்டியது: மண் பரிசோதனை செய்து தேவையான அளவே உரமிடுங்கள். ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். கனமழை எதிர்பார்க்கும் நாளில் கட்டாயம் இடாதீர்கள். வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவே சில மீட்டர் அகலத்துக்குப் புல்லும் புதரும் நிற்க விடுங்கள், உழ வேண்டாம். வழிந்தோடும் மண்ணையும் அதில் ஒட்டிய மணிச்சத்தையும் அது பிடித்து வைக்கும். ஒரே ஓடையாக அறுத்துக்கொண்டு பாயும் நீரை மட்டும் அதனால் தடுக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் முதலில் வரப்பைச் சரிசெய்து நீரைப் பரவவிடுங்கள். டிராக்டரின் பழைய எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாமல் மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்கும் பட்டறைக்குக் கொடுங்கள். அதில் தண்ணீரோ பெட்ரோலோ கலந்துவிட்டால் சுத்திகரிக்க வாங்க மாட்டார்கள்.