அடியும் பூட்டிய கதவுமாக வளர்ந்தவர்களைப் படிப்பு கரையேற்றுமா?

கரையேற்றும். எனக்குப் படிப்பு தந்த பெரிய உதவி, வீட்டை விட்டுப் போக அப்பாவால் மறுக்க முடியாத ஒரு காரணம். அறிவெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான். நீங்கள் இன்னும் அப்படியொரு வீட்டில் இருந்தபடி மலேசியப் பள்ளியின் கடைசி வகுப்புகளான படிவம் ஐந்திலோ ஆறிலோ படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் வீடு பட்டர்வொர்த்தில். உறவினர் எவரும் வாசற்படி மிதிக்கக் கூடாது. தைப்பூசத்துக்கு ஊரே பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் திரண்டிருக்கும். எங்கள் கிரில் கதவில் பூட்டு தொங்கும். சோறு குழைந்தால் ரப்பர் குழாய். "அந்தக் காலத்தில் எல்லா அப்பாக்களும்தான் அடித்தார்கள்" என்று கீழே எழுதக் காத்திருப்பவர்களே, பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசியதற்காகக் காதில் ரத்தம் வர அறைவதற்குக் கண்டிப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

அப்பா பயந்தது அரசாங்கக் கடிதத்துக்கு மட்டும்தான். படிவம் ஆறின் இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். முடிந்ததும், அரசாங்கத்தின் பொது விண்ணப்ப முறையான யூ.பி.யூ. வழியாகப் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். எது முதல், எது அடுத்தது என்று அதில் மாணவரே வரிசைப்படுத்த வேண்டும். பினாங்குத் தீவில் மின்டெனில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகம் எங்கள் வீட்டிலிருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். தினமும் வீடு திரும்பச் சொல்லியிருப்பார். அதைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. முதல் இடத்தில் சபா பல்கலைக்கழகத்தைப் போட்டேன். கோத்தா கினபாலுவுக்குக் கடல் தாண்ட வேண்டும். இடம் கிடைத்தபோது, "அரசாங்கம் அங்கே போட்டுவிட்டது அப்பா" என்றேன். நம்பினார். பெற்றவரை ஏமாற்றினாளே என்பவர்கள் அந்த வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்து பேசட்டும்.

அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். என் பெயரிலிருந்த கணக்கில் விழுந்தது. அவரிடம் கையேந்தாமல் சாப்பிட்டேன். முதல் வகுப்பில் தேறினால் அந்தக் கடனுக்கு விலக்கு கேட்கலாம். எனக்கு முதல் வகுப்பு கிடைக்கவில்லை, இன்னமும் கட்டுகிறேன். விடுதியில் முதல் பருவம் முழுவதும், கழிவறைக்குப் போவதற்குக்கூட அறைத்தோழியிடம் அனுமதி கேட்பேன். அவள் சபாவின் பூர்வகுடியான கடசான் இனத்துப் பெண். முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, கேட்காமல் போகும்படி அதட்டத் தொடங்கினாள். பட்டம் வாங்கினால் இந்தப் பழக்கங்கள் போய்விடும் என்று நான் சொல்லவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். இப்போது பினாங்குத் தீவில் கணக்காய்வாளராக இருக்கிறேன். சம்பளச் சீட்டை நீட்டினாலும் "இந்தியர்களுக்கு வாடகைக்கு விடுவதில்லை" என்கிறார்கள், பெயரைக் கேட்ட மறுநொடியே. படித்து முன்னேறு என்று நமக்குப் பாடம் எடுப்பவர்கள் இந்த வீட்டுக்காரர்களுக்கும் கொஞ்சம் எடுத்தால் நல்லது.

உங்களுக்கு 18 வயது ஆகவில்லையென்றால் பல்கலைக்கழகம் வரை பொறுத்திருக்காதீர்கள். இப்படிப்பட்ட கொடுமைகளைச் சொல்ல அரசாங்கம் வைத்திருக்கும் 'தாலியான் காசே' உதவித் தொலைபேசி எண் 15999, இரவிலும் எடுப்பார்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், தேர்வுச் சான்றிதழ்கள் மூன்றையும் பள்ளிப் பையிலேயே வைத்திருங்கள். என் பிறப்புப் பத்திரத்தை அப்பா கிழித்துப்போட்டார். பதிவுத் துறையில் வேறு எடுக்க எனக்கு ஒருநாள் விடுப்பு போனது.