ஹெல்மெட்டைத் தரையில் வைத்தால் யாராவது நிற்பார்களா?

நண்பரே, ராத்திரி பத்து மணிக்குத் திண்டிவனம் தாண்டி கிளட்ச் கேபிள் அறுந்து, ஒரு மணி நேரம் கை காட்டியும் ஒருத்தரும் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிற்காதவர்கள் மேல் கோபப்படாதீர்கள். இருட்டில் கையசைக்கும் ஆளைப் பார்த்தால் வழிப்பறியோ என்றுதான் முதலில் தோன்றும். நானே நிறுத்தாமல் போயிருக்கிறேன்.

வண்டிக்குப் பக்கத்தில் தரையில் ஹெல்மெட்டை வைப்பது அமெரிக்க பைக்கர்கள் பழக்கம். அங்கே அதைப் பார்த்தால் உதவி தேவை என்று இன்னொரு பைக்கர் புரிந்துகொள்வார். நம் ஊரில் டூர் போகிற சிலருக்குத் தெரிந்திருக்கலாம், மற்றவர்களுக்கு அது யாரோ தவறவிட்ட ஹெல்மெட்.

இங்கே எடுபடுவது வேறு. பெட்ரோல் தீர்ந்தால் காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டுங்கள், கேள்வியே வராது. ரிப்பேர் என்றால் வண்டியைத் தார் ரோட்டைவிட்டு நன்றாக இறக்கி, இண்டிகேட்டரைப் போட்டு, செல்போன் டார்ச்சை உங்கள் மேல் அடிக்காமல் இன்ஜின் மேல் அடியுங்கள். பிரச்சினை தூரத்திலேயே தெரியும். லாரிக்காரர்கள் மாதிரி ரோட்டில் கல்லும் கிளையும் வைக்க வேண்டாம். அவர்கள் எடுக்காமல் போன கல்லில் விழுந்த முழங்கால் என்னுடையது.

தேசிய நெடுஞ்சாலை என்றால் கை காட்டுவதற்கு முன்பே நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு அடியுங்கள், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். மஞ்சள் தலை கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

புது கேபிள் போடும்போது கூடவே இன்னொன்றையும் பழையதை ஒட்டியே இழுத்துக் கட்டிவிடச் சொல்லுங்கள். அறுந்தால் முனையை மாற்றி மாட்டினால் போதும்.