“பேப்பர்லயே போட்டிருக்கான்!”

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 74. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் நாளிதழை ஒரு வரி விடாமல் படிப்பார். போன மாதம் அதில் வந்ததைப் பார்த்துவிட்டு மூட்டுவலி எண்ணெய்க்கு 280 ரிங்கிட் கொடுத்திருக்கிறார். “அது விளம்பரம்ப்பா” என்றால், “செய்தியாத்தான் வந்திருக்கு, பேப்பர்லயே போட்டிருக்கான்” என்கிறார். புலனத்தில் (வாட்ஸ்அப்) வருவதையும் அப்படியே நம்பிச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்புகிறார். எது செய்தி, எது விளம்பரம், எது வதந்தி என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு

பதில்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். நல்ல கைகாரர்கள் செய்த வேலை அது. செய்திக்குரிய அதே எழுத்துரு, நான்கு பத்தி அகலத்துக்குத் தலைப்பு, “எழுந்து நடந்தார்” என்று ஆச்சரியக்குறி, நாற்காலியில் சிரிக்கும் ஒரு பாட்டியின் படம், அதன்கீழ் சாய்வெழுத்தில் விளக்கம். ‘விளம்பரம்’ என்ற சொல்லும் இருக்கிறது, வலது மூலையில் எறும்பு அளவுக்கு. 74 வயதுக் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

கோலாலம்பூரில் ஒரு நாளிதழில் பல வருடம் துணையாசிரியராக இருந்தேன். விளம்பரப் பகுதியிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒரு கோரிக்கை வரும்: “பெட்டி கட்டாதீங்க சார், செய்தி மாதிரியே இருக்கட்டும், பார்ட்டி கேக்குறாரு.” ஒரு கட்டம் போட்டாலே விளம்பரம் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும், பார்வை தாண்டிப் போய்விடும். அந்தக் கட்டத்தை எடுக்கத்தான் கூடுதல் காசு கொடுப்பார்கள்.

அப்பாவுக்குப் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காலையில் அவர் முதலில் புரட்டுவது மரண அறிவிப்புப் பக்கமாகத்தான் இருக்கும். அந்த வயதில் பெரும்பாலோர் அப்படித்தான். அவரிடம் கேட்டுப் பாருங்கள்: “ஒரு எழுத்துகூடப் படிக்காம இது மரண அறிவிப்புன்னு எப்படிப்பா தெரியுது?” கறுப்புக் கரை, நடுவில் படம், ஒரு பக்கம் மலர்வு, மறுபக்கம் உதிர்வு, அடியில் மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் வரிசை, எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து புறப்பட்டு பத்து லஞ்சாங் மின்சுடலைக்குப் போகிறார்கள் என்ற விவரம். எல்லாவற்றையும் அவரே சொல்லிவிடுவார். ஒவ்வொரு வகை எழுத்துக்கும் இப்படி ஒரு மரபு உண்டு, கண் அதைப் பிடித்த பிறகுதான் மூளை படிக்கிறது என்பது அங்கேயே அவருக்கு விளங்கிவிடும்.

இனி சிக்கலான பகுதி. இந்த அடையாளங்களில் இரண்டு ரகம் இருக்கிறது. எழுத்துரு, பத்தி, தலைப்பு, தொலைக்காட்சி என்றால் கீழே ஓடும் சிவப்புப் பட்டை இதெல்லாம் வேடம். யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். இன்னொரு ரகம், எழுதியவரைப் பொறுப்பில் மாட்டிவிடும் அடையாளங்கள். “கோலாலம்பூர், மார்ச் 12 –” என்று செய்தி தொடங்குகிறது அல்லவா? அது அலங்காரம் இல்லை. அந்த ஊரில், அந்தத் தேதியில் இது நடந்தது என்று நாளிதழ் கையெழுத்துப் போடுகிறது. தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமா கொடுத்த செய்தியென்றால் அந்தப் பெயரும் கூடவே வரும். அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இதழில் இருந்தாக வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டமே சொல்கிறது. பொய்யை விற்பவன் முதல் ரகத்தை முழுசாக எடுத்துக்கொண்டு இரண்டாவதைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவான். நீங்கள் அனுப்பிய பக்கத்திலும் தேதி இல்லை, நிருபர் பெயர் இல்லை. பாட்டி “கூலிமைச் சேர்ந்த திருமதி ச.” மட்டுமே.

அப்பாவுக்கு ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லிக் கொடுப்பதென்றால் நான் இதைத்தான் சொல்வேன்: சந்தேகம் வந்தால் கடைசிப் பத்தியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். செய்தியை நாங்கள் எழுதும்போது முக்கியமானதெல்லாம் மேலே போய்விடும். பக்கத்தில் இடம் போதவில்லையென்றால் கீழிருந்து வெட்டுவோம், நடுராத்திரியில் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அதனால் செய்தியின் வால் சப்பென்றுதான் இருக்கும், இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது. விளம்பரம் தலைகீழ். அதன் உயிரே கடைசி வரியில் இருக்கிறது: தொலைபேசி எண், “முதல் 50 பேருக்கு மட்டும்”. அந்தக் கடைசி வரியை வெட்டிவிட்டால் கொடுத்த காசு அத்தனையும் வீண். கருத்துக் கட்டுரை பெரும்பாலும் அறிவுரையில் போய் முடியும், எழுதியவர் பெயரும் பல சமயம் படமும் இருக்கும், அதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

தமிழாசிரியர் என்கிறீர்கள். அப்படியென்றால் சங்கப் பாட்டான நெடுநல்வாடையை எடுங்கள், அவர் உங்களுக்கே பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவார். அரசியின் பிரிவுத் துயரைச் சொல்லும் பாட்டு, பார்த்தால் காதலைப் பாடும் அகம் போலவேதான் இருக்கிறது. அகப்பாட்டில் தலைவன் இன்னான் என்று சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. அதில் அரசன் பெயரும் இல்லை. ஆனால் பாசறைக் காட்சியில் வேம்பு சூட்டிய வேல் ஒன்று வந்துவிடுகிறது. வேம்பு பாண்டியனின் பூ, ஆள் யாரென்று தெரிந்துபோனது, ஆகவே இது போரையும் அரசரையும் பாடும் புறம் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். நூற்றுக்கு மேற்பட்ட அடிகளை ஒரு வேப்பந்தழை வகை மாற்றிவிட்டது. அப்பா நம்பிய பக்கத்தில் அந்த வேப்பந்தழை, கடைசிப் பத்தியில் இருக்கும் கைப்பேசி எண்.

மருந்து விளம்பரத்துக்கு நம் நாட்டில் இன்னொரு அடையாளமும் உண்டு. 1956-ஆம் ஆண்டு மருந்து (விளம்பரம், விற்பனை) சட்டத்தின்படி மருந்து விளம்பரத்துக்குச் சுகாதார அமைச்சின் மருந்து விளம்பர வாரியம் அனுமதி தர வேண்டும். அனுமதி கிடைத்த விளம்பரத்தில் கே.கே.எல்.ஐ.யூ. (KKLIU) என்று தொடங்கும் எண் இருக்கும். நீரிழிவு, புற்றுநோய், இருதயம், சிறுநீரகம் போன்ற நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யவே கூடாது. உங்கள் படத்தில் அந்த எண்ணைத் தேடினேன், இல்லை. போதாக்குறைக்கு, “சர்க்கரையும் இறங்கும்” என்று ஓரத்தில் ஒரு வரி.

புலனத்துக்கு வருவோம். அங்கே முதலில் பார்க்க வேண்டியது தேதி. “இன்றிரவு 12 மணி முதல்” என்று வரும், எந்த இன்று என்று இருக்காது. அதனால்தான் அந்தச் செய்திக்குச் சாவே இல்லை. என் மைத்துனி ஒரே எச்சரிக்கையை மூன்று தீபாவளிக்கு எனக்கு அனுப்பியிருக்கிறார். அப்புறம், “அனைவருக்கும் பகிரவும்” என்று எந்தச் செய்தியாளரும் செய்திக்குள் எழுதுவதில்லை. அந்த வரியைக் கண்டால் அப்பா கையை நிறுத்தட்டும். சரிபார்க்க, தொடர்பு பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய ‘செபெனார்ஞா’ தளம் இருக்கிறது. மலாய் படிக்கத் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை.

எண்ணெய்ப் புட்டியையும் எடுத்துப் பாருங்கள். பதிவு பெற்ற மருந்தென்றால் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கங்கள் இருக்கும், பாரம்பரிய மருந்தாக இருந்தால் டி (T) என்ற எழுத்தில் முடியும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் தளத்தில் போட்டால் அதே பெயர் வர வேண்டும், வேறு பெயர் வந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியதுதான். எண்ணே இல்லையென்றால் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். ஆத்திரத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பணம் கட்டிய ரசீது, புட்டி, அந்தப் பக்கம் மூன்றும் இருந்தால்தான் சுகாதார அமைச்சிலோ பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திலோ புகார் கொடுக்க வசதியாக இருக்கும். புகார்க் கடிதத்தை அப்பாவே எழுதட்டும். அதற்கும் ஒரு மரபு இருக்கிறது, அவர் நம்மைவிட நன்றாக எழுதுவார்.